பார்க்கும் திரையில் படிப்பது

டிவியைக் கணினித் திரையாக வைத்துக்கொண்ட எவரும் முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கீழே இருந்த பட்டை எங்கே போயிற்று? விண்டோஸின் டாஸ்க்பார் பாதி தெரியும், அல்லது தெரியவே தெரியாது. வலது மேல்மூலையில் இருக்கும் பெருக்கல் குறி சட்டத்துக்கு வெளியே போயிருக்கும். மவுஸை அங்கே நகர்த்தினால் அம்பும் காணாமல் போகும். கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகுவார்கள். லேப்டாப்பை அணைத்துப் போடுவார்கள். கடைசியில் டிவி பழசாகிவிட்டது என்று முடிவுகட்டுவார்கள். டிவியில் எந்தப் பழுதும் இருக்காது. தனக்குச் சொல்லிவைத்த வேலையை அது ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும்.

மும்பையின் மாட்டுங்காவில் இந்தக் கேள்வி அடிக்கடி என் காதில் விழுகிறது. தெலங் ரோடு, பாவு தாஜி ரோடு பக்கத்துப் பழைய கட்டடங்களில், பிள்ளைகள் வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருக்க, பெரியவர்கள் மட்டும் தங்கிவிட்ட வீடுகள் நிறைய. பிள்ளைகள் வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டுப் போன டிவி இருக்கும். அவர்கள் விட்டுச்சென்ற லேப்டாப் ஒன்றும் அலமாரியில் கிடக்கும். லேப்டாப்பின் சின்ன எழுத்து கண்ணுக்குப் பிடிபடாதபோது, இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், லேபர் கேம்ப்பிலும் தாராவி தொண்ணூறு அடிச் சாலைப் பக்கத்திலும் காரணம் வேறு. அங்கே மானிட்டருக்கென்று தனிக் காசும் இல்லை, அதை வைக்க இடமும் இல்லை. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்து, பிறகு பாடமெல்லாம் திரைக்குள் போனபோது, பல வீடுகளில் இருந்த ஒரே பெரிய திரை டிவிதான். திரை உடைந்த லேப்டாப்பைக் குறைந்த விலைக்கு வாங்கி, டிவியில் மாட்டிப் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய மாமா ஒருவர் இருக்கிறார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்களைப் படிப்பதற்கென்றே டிவியை லேப்டாப்போடு சேர்க்கச் சொன்னார். சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய காலத்தில் கல்லூரியில் படித்தவர். ஊரிலிருந்து கட்டிக் கொண்டுவந்த இதழ்களை மும்பை மழையும் கரையானும் தின்றுவிட்டன. இப்போது அவருக்கு வேண்டியதெல்லாம் அந்தக் காலத்துப் பக்கங்கள் பெரிதாக, தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதுதான். டிவியைச் சரிபார்க்க வந்த இளைஞன் தாராவியில் பிறந்தவன், பூர்வீகம் திருநெல்வேலி.

“மூலையெல்லாம் முழுங்கிடறதே தம்பி, கேபிளை மாத்திப் பார்க்கலாமா?”

“கேபிள் நல்லாத்தான் இருக்கு சார். டிவி இத சினிமான்னு நெனச்சிக்கிட்டிருக்கு. கம்ப்யூட்டர்னு நாமதான் அதுக்குச் சொல்லணும்.”

ரிமோட்டை வாங்கி, பட அளவு என்ற இடத்துக்குப் போய், ‘16:9’ என்று இருந்ததை ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்று மாற்றினான். படம் நான்கு பக்கமும் ஒரு விரற்கடை உள்வாங்கியது. கீழே பட்டை வந்தது, அதன் ஓரத்தில் கடிகாரம் வந்தது. இன்னொன்றும் நடந்தது. அதை மாமாதான் முதலில் கவனித்தார். பக்கத்தின் நடுவில் இருந்த எழுத்துகளும் சட்டென்று கூர்மையாகிவிட்டன. ஓரத்தில் செய்த வைத்தியம் நடுப்பக்கத்தை எப்படிச் சரியாக்கியது?

விடை பிக்சர் டியூப் காலத்தில் இருக்கிறது. மும்பை தூர்தர்ஷன் 1972 அக்டோபர் 2ஆம் தேதி ஒளிபரப்பைத் தொடங்கியது, சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல். அன்றைய பெட்டிகளில் எலக்ட்ரான் கற்றைதான் படத்தை வரைந்தது. மின்னழுத்தம் ஏறி இறங்கும்போதும், பெட்டிக்கு வயதாகும்போதும் படம் கொஞ்சம் சுருங்கும், கொஞ்சம் விரியும். சுருங்கும்போது ஓரத்தில் கறுப்பு விளிம்பு தெரியாமல் இருக்க, படத்தைச் சட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே வரையும்படி செய்தார்கள். இதுதான் ஓவர்ஸ்கேன். ஒளிபரப்புகிறவர்களுக்கும் இது தெரியும். அதனால் தலைப்பையும் பெயர்களையும் ஓரத்தில் வைக்காமல், நடுவில் பத்திரமான பகுதிக்குள் அடக்கினார்கள். வெட்டுப்படும் ஓரத்தில் பார்ப்பவருக்கு நஷ்டமாகும் எதுவும் இருக்காது.

தட்டைத் திரைக்கு இந்த ஏற்பாடு தேவையே இல்லை. அதில் ஒவ்வொரு பிக்சலும் தன் இடத்தில் அசையாமல் இருக்கிறது. ஆனாலும் பழைய பழக்கம் தொழிற்சாலை அமைப்பாகப் பல பெட்டிகளில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. 1920-க்கு 1080 அளவில் கணினி அனுப்பும் படத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கை டிவி வெட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 1824-க்கு 1026. அதை இழுத்து மறுபடி 1920-க்கு 1080 ஆக்குகிறது. கணினி அனுப்பிய பிக்சல் எதுவும் திரையின் பிக்சல் ஒன்றில் அப்படியே உட்காருவதில்லை. ஒன்று பக்கத்துக்கு ஒன்றாகக் கசிகிறது. ஓரம் போனது கண்ணுக்குத் தெரிகிறது. பக்கம் முழுக்க மங்கியது தெரியாமலே போய்விடுகிறது.

இதில் பலரும் தவறான இடத்தில் சரிசெய்கிறார்கள். கணினியின் கிராபிக்ஸ் அமைப்பில் படத்தைச் சுருக்கும் வசதி இருக்கிறது. அதை நகர்த்தி, ஓரம் தெரிந்தவுடன் நிறுத்திவிடுவார்கள். அப்படிச் செய்தால் கணினி ஒருமுறை சுருக்குகிறது, டிவி ஒருமுறை இழுக்கிறது. பட்டை திரும்பிவரும், எழுத்து முன்னைவிட மோசமாகும். டிவியில்தான் மாற்ற வேண்டும். எல்ஜி பெட்டிகளில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஸ்க்ரீன் ஃபிட்’ அல்லது ‘ஃபிட் டு ஸ்க்ரீன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’ என்று அதற்கு ஆளுக்கொரு பெயர். வந்ததை வந்தபடி காட்டு என்பதைச் சொல்ல மூன்று நான்கு மெனுக்களுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது.

கணினியும் டிவியும் ஒன்றுக்கொன்று புதிதாக அறிமுகமானவை அல்ல. மானிட்டர் என்ற தனிப் பொருளுக்கு முன்னால் வீட்டுக் கணினிக்கு டிவிதான் திரை. 1973 செப்டம்பர் ‘ரேடியோ எலக்ட்ரானிக்ஸ்’ இதழில் டான் லங்காஸ்டர் விவரித்த ‘டிவி டைப்ரைட்டர்’ என்ற கருவி, வரிக்கு 32 எழுத்தாக 16 வரிகளை டிவியில் காட்டியது. 1976இன் ஆப்பிள்-1 வரிக்கு 40 எழுத்து காட்டியது. 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 256-க்கு 192 என்ற சின்னப் பரப்பில் மட்டும் எழுதி, அதைச் சுற்றி ஒரு வண்ணக் கரையை விட்டது. டிவி எதை வெட்டினாலும் கரையைத்தான் வெட்டும், எழுத்தைத் தொடாது. அந்தப் பொறியாளர்களை நினைக்கும்போது எனக்கு மரியாதை வருகிறது. டிவியின் குணம் தெரிந்து, அதற்குள் அடங்கும்படி எழுத்தின் அளவையும் எண்ணிக்கையையும் வைத்தார்கள். இன்றைய கணினிக்கு அந்தக் கரை கிடையாது. விளிம்புவரை எழுதுகிறது.

தமிழ்நாட்டில் இந்த இரண்டும் அரசு செலவிலேயே ஒரே வீட்டுக்குள் வந்து, ஒன்றோடொன்று பேசாமல் இருந்த காலமும் உண்டு. 2006 தேர்தலுக்குப் பின் இலவச வண்ணத் தொலைக்காட்சி, 2011க்குப் பின் மாணவர்களுக்கு மடிக்கணினி. இரண்டையும் கொள்முதல் செய்தது அரசின் எல்காட் நிறுவனம்தான். டியூப் டிவிக்கு வரக்கூடிய படத்தில் 625 வரிகள், அதில் கண்ணுக்குத் தெரிவது 576. இடையில் ஒரு மாற்றிப் பெட்டி வைத்து லேப்டாப்பை இணைத்தாலும் அதில் ஒரு பாடப்பக்கத்தைப் படிக்க முடியாது. மாட்டுங்காவிலும் தாராவியிலும் பலருக்கு ஊரில் அப்படி ஒரு டிவி பரண்மேல் கிடக்கிறது.

இனி அறையின் அளவுக்கு வருகிறேன். தாராவியில் அதுதான் பெரிய பிரச்சினை. செகண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைப்பது 32 அங்குல ‘எச்டி ரெடி’ டிவி. அதன் திரையில் 1366-க்கு 768 பிக்சல்கள். கணக்குப் போட்டால் ஓர் அங்குலத்துக்கு 49 பிக்சல். 24 அங்குல முழு எச்டி மானிட்டரில் அங்குலத்துக்கு 92. டிவியின் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். நல்ல கண்பார்வை உள்ளவருக்கு அந்தப் பிக்சல்கள் தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றாகச் சேர, கிட்டத்தட்ட ஆறடி தள்ளி உட்கார வேண்டும். பத்துக்குப் பத்து அடி ஒற்றையறைக் கோலியில், ஒரு பக்கம் கட்டில், ஒரு பக்கம் அடுப்பு, நடுவில் தம்பி தங்கை என்றால், படிக்கிற பிள்ளைக்குக் கிடைப்பது மூன்றடி நான்கடி. அந்தத் தூரத்தில் எழுத்து உடைந்துதான் தெரியும். பார்க்க வாங்கிய பெட்டி, படம் பார்ப்பவர் உட்காரும் தூரத்துக்குச் செய்யப்பட்டது. படிக்கிறவர் முன்னால் வந்து குனிகிறார்.

இந்த 1366 இன்னொரு தொல்லையும் தருகிறது. டிவியும் கணினியும் இணைந்தவுடன், தனக்கு என்னென்ன அளவு ஒத்துவரும் என்று டிவி ஒரு சிறு பட்டியலை அனுப்பும். இடிஐடி (EDID) எனப்படும் அந்தக் குறிப்பின் ஒரு பகுதியில் அகலத்தை எட்டால் வகுத்துத்தான் எழுத முடியும். 1366 எட்டால் வகுபடாது. அதனால் பல பெட்டிகள் தங்கள் சொந்த அளவைச் சொல்லாமல், ஒளிபரப்புக்குரிய 1280-க்கு 720ஐயும் 1920-க்கு 1080ஐயும் மட்டும் சொல்கின்றன. கணினி பெரியதைத் தேர்ந்தெடுத்து அனுப்ப, டிவி அதைத் தன் சின்னத் திரைக்குச் சுருக்குகிறது. ரெசல்யூஷன் பட்டியலில் 1366 அல்லது 1360-க்கு 768 என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சில பெட்டிகளில் எச்டிஎம்ஐ வழியில் அது வராது, பழைய விஜிஏ துளையில் வரும்.

ஆங்கில எழுத்து இந்தச் சுருக்கலை ஓரளவு தாங்கிக்கொள்ளும். தமிழ் தாங்காது. வழக்கமான அளவில் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தால், மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி இரண்டு பிக்சல் அளவுதான் தேறும். 1920 பிக்சல் 1366 ஆகும்போது அந்த இரண்டு ஒன்றரைகூட இல்லை. திரையில் ஒன்றரை பிக்சல் என்று ஒன்று கிடையாது, அதனால் டிவி அதைச் சாம்பல் நிறமாகப் பரப்பிவிடுகிறது. அடக்கம் என்பது அடககம ஆகிறது. பல்லும் பலவும் ஒன்றாகிவிடுகின்றன. நன்றாகத் தமிழ் தெரிந்தவர் கண்ணால் விட்டதை மனத்தால் நிரப்பிக்கொண்டு போவார். மும்பையில் இந்தியும் ஆங்கிலமும் மராத்தியுமாகப் படித்து, வீட்டில் தமிழை எழுத்துக்கூட்டிக் கற்கும் குழந்தைக்கு நிரப்பிக்கொள்ள எதுவும் இல்லை. திரையில் இருப்பதைத்தான் அது படிக்கும்.

மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. ஆனால் ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் புள்ளியில்லாத ஓலைகளில் எது மெய், எது உயிர்மெய் என்று பொருளையும் யாப்பையும் வைத்துத் தேர்ந்துகொண்டார்கள். அச்சு வந்துதான் புள்ளி நிலைபெற்றது. ஈய எழுத்துகள் தேய்ந்த காலத்து இதழ்களிலும் அது மங்கலாகத்தான் விழுந்தது. மாமா பார்த்துக்கொண்டிருந்த ஸ்கேன்களில் ஏற்கெனவே பாதிப் புள்ளிகள் தேய்ந்தவை. மிச்சத்தையும் ஒரு டிவியின் பட அளவு அமைப்பு அழித்துக்கொண்டிருந்தது. இது சின்ன விஷயம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

நிறத்திலும் இதே கதை. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. இதை வைத்துப் படத்தின் ஒளிர்வையும் நிறத்தையும் பிரித்தனுப்பும் முறைக்கு பிரான்சில் ஜார்ஜ் வலென்சி 1938இல் காப்புரிமை பெற்றார். இந்தியாவுக்கு வண்ண ஒளிபரப்பு 1982இல் வந்தபோது வந்த ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையும் அந்த வழிதான். நிறத்துக்கு ஒளிர்வில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இடமே கொடுத்தது. டிஜிட்டலுக்கு மாறிய பிறகும் சிக்கனம் தொடர்கிறது. 4:2:0 என்ற முறையில் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே ஒரு நிறத் தகவல். 1920-க்கு 1080 படத்தில் நிறம் மட்டும் 960-க்கு 540. முகம், மரம், கடல் எதிலும் குறை தெரியாது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து, நீலத்தின்மேல் சிவப்பு எழுத்து என்றால் விளிம்பு கரைந்து எழுத்து அழியும். கறுப்புப் பின்னணியில் ஆசிரியர் சிவப்பில் எழுதி அனுப்பியதைப் பிள்ளை டிவியில் படிக்க முடியாமல் தவிப்பது இதனால்தான்.

கணினி முழு நிறத்தையும் அனுப்பினாலும் பல டிவிகள் உள்ளே அதைக் குறைத்துத்தான் காட்டும். இதற்கு மருந்து விசித்திரமானது: எச்டிஎம்ஐ துளையின் பெயரை ‘பிசி’ என்று மாற்ற வேண்டும். சாம்சங்கிலும் எல்ஜியிலும் இன்புட் பட்டியலில் அந்தத் துளைக்குக் கணினிப் படத்தையோ ‘பிசி’ என்ற பெயரையோ கொடுத்தால், டிவி நிறத்தைக் குறைக்காமல் காட்டும். படத்தை மெருகூட்டும் வேலைகள் பலவற்றையும் நிறுத்திக்கொள்ளும், மவுஸ் தாமதமும் குறையும். பெயர் மாற்றினால் நடத்தை மாறும் என்று மெனுவில் ஒரு வரிகூட இருக்காது. தாராவி இளைஞன் சொன்னது அப்படியே உண்மை. அது கம்ப்யூட்டர் என்று அதனிடம் சொல்ல வேண்டும், அதன் வார்த்தையிலேயே சொல்ல வேண்டும்.

கறுப்பு வெளுத்து சாம்பலாகத் தெரிவதும், இருட்டான பகுதி மொத்தமாகக் கறுத்துப்போவதும் வேறொரு கருத்து வேறுபாடு. கணினிக்கு அடர்கறுப்பு 0, முழு வெள்ளை 255. டிவி உலகில், 1982இல் வகுத்த டிஜிட்டல் ஒளிபரப்பு விதிப்படி, கறுப்பு 16இலும் வெள்ளை 235இலும் இருக்கின்றன. இருபுறமும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். கணினி 0 முதல் அனுப்ப, டிவி 16 முதல் படித்தால், 16க்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரே கறுப்பு, 235க்கு மேலே எல்லாம் ஒரே வெள்ளை. படம் பளிச்சென்று இருப்பதாகத் தோன்றும், பலருக்கு அதுதான் பிடிக்கும். பழைய தாளின் ஸ்கேனில் அந்த மேல்தட்டு வெளுப்பில்தான் மங்கிய புள்ளியும் பென்சில் குறிப்பும் இருக்கின்றன. ஓலைப் படத்தில் அந்தக் கீழ்த்தட்டுக் கறுப்பில்தான் எழுத்தே இருக்கிறது. கணினியில் ‘ஃபுல்’ என்றோ ‘லிமிடெட்’ என்றோ இருப்பதையும் டிவியில் ‘பிளாக் லெவல்’ என்று இருப்பதையும் பொருத்திவிட வேண்டும். ‘ஷார்ப்னஸ்’ என்ற அளவையும் இறக்குங்கள். அது கூர்மை தருவதில்லை. எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்றைப் போடுகிறது. ழ, ஞ, ணு போன்ற சுழிகளின் உள்வெளி அதில் அடைந்துபோகிறது.

மற்றவை சீக்கிரம் சொல்லக்கூடியவை. படமே வராவிட்டால் முதலில் டிவியில் எந்தத் துளை தேர்ந்திருக்கிறது என்று பாருங்கள், பிறகு கணினியில் விண்டோஸ் சாவியையும் பி-யையும் சேர்த்து அழுத்துங்கள். ‘டூப்ளிகேட்’ என்றிருந்தால் லேப்டாப்பின் அளவே டிவிக்கும் போகும். ‘செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி’ என்று வைத்தால் டிவியின் அளவு கிடைக்கும். 4கே டிவியில் மவுஸ் தத்தித் தத்திப் போனால் வினாடிக்கு 30 படம்தான் போகிறது என்று பொருள். 2009இன் எச்டிஎம்ஐ 1.4 அதற்குமேல் 4கே-யை முழு நிறத்தோடு சுமக்காது, 2013இன் 2.0 வினாடிக்கு 60 சுமக்கும். டிவியில் அந்தத் துளைக்கான விரிவு அமைப்பையும் திறந்துவிட வேண்டியிருக்கும். எம்ஜிஆரும் சிவாஜியும் பருத்துத் தெரிந்தால் பழைய 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுத்திருக்கிறீர்கள். அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த மாட்டுங்காக்காரர்களுக்கு அந்த முகங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டுங்கா ரோட்டில் ஸ்லோ லோக்கல் ஏறி கிராண்ட் ரோட்டில் இறங்கினால் லேமிங்டன் ரோடு. அங்கே தங்க முலாம் பூசிய எச்டிஎம்ஐ கேபிளைப் பல மடங்கு விலைக்கு வாங்கி வருபவர்களைப் பார்க்கிறேன். எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் தகவல். கேபிள் கெட்டால் படத்தில் பொட்டுப் பொட்டாக மின்னும், விட்டு விட்டு வரும், அல்லது வராமலே போகும். எழுத்து மங்காது, ஓரம் வெட்டாது, நிறம் கரையாது. அந்தப் பணத்தைப் பிள்ளைகளுக்குப் புத்தகமாக வாங்கிக் கொடுக்கலாம்.

ஓரத்தை வெட்டுவது, நிறத்தைக் குறைப்பது, விளிம்பில் கோடு போடுவது, வெளிச்சத்தைப் பிதுக்குவது எல்லாம் ஒரே நம்பிக்கையிலிருந்து வருகின்றன: முன்னால் உட்கார்ந்திருப்பவர் பார்க்க வந்தவர், நல்லதாகத் தெரிந்தால் போதும், எது விட்டுப்போனது என்று கேட்கமாட்டார். படிக்கிறவர் கேட்பார். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவருக்கு அது தப்பு. கணினி இணைந்திருப்பதை டிவியால் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தவுடன் வந்ததை வந்தபடி காட்டுவது தொழிற்சாலை அமைப்பாகவே இருக்க வேண்டும். மெருகு வேண்டுபவர் மெனுவுக்குள் போய்த் தேடட்டும். இன்று தேட வேண்டியிருப்பது எண்பது வயது மாமாவும் தாராவியில் பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணும். இது சரியல்ல.

படிப்பகமும் டியூஷனும் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாரோ கொடுத்த டிவியைச் சுவரில் மாட்டிப் பிள்ளைகளை அதன் முன்னால் உட்காரவைக்கும் முன், கால் மணி நேரம் ஒதுக்கி இந்த அமைப்புகளைச் சரிபாருங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் கடைக்குப் போகும்போது லேப்டாப்பையும் எடுத்துப்போங்கள். கடைக்காரர் ஓட்டும் அருவியையும் பூக்களையும் நிறுத்தச் சொல்லி, ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, உங்கள் வீட்டில் உட்காரும் தூரத்தில் நின்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நான்கு மூலையும் தெரிய வேண்டும், மெய்யெழுத்துகள் எல்லாம் புள்ளியோடு இருக்க வேண்டும். கடைக்காரர் அமைப்பை மாற்றிக் காட்டிய பிறகும் அவை வரவில்லையென்றால் அந்த டிவி படிப்பதற்கு உதவாது.